துளை வைத்த பெட்டியும் மூடிய பெட்டியும்

பழைய வூஃபர் வாங்கப் போகிறவர் குளித்துவிட்டுப் போவது வீண். திரும்பி வந்து எப்படியும் குளிக்கத்தான் வேண்டியிருக்கும்.

சிரிக்கிறீர்கள், சார். புதிதாக வாங்கியே பழகியவராக இருப்பீர்கள். அடுத்தவர் வீட்டு மூலையில் வருடக்கணக்காகக் கிடந்த பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவனுக்குத்தான் மனிதர்களின் லட்சணம் தெரியும். பாட்டுக் கேட்கும்போது அடிவயிற்றைத் தொடுகிற தாழ்ந்த சத்தம் வருமே, அதை மட்டும் தனியாகக் கொடுக்கிற கனமான பெட்டிதான் வூஃபர். சிலவற்றில் காற்று வந்துபோக ஒரு துளை இருக்கும், கை நுழைகிற அளவுக்கு. அந்தத் துளைக்குள் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடுகளைப் பார்த்திருக்கிறேன். எலிப் புழுக்கை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் குழந்தை கடித்துவிட்டுப் போட்ட ரொட்டித் துண்டு பூஞ்சை பிடித்து, மயிர் முளைத்துக் கிடந்தது. இன்னொரு வீட்டில் முன்பக்கத் துணி முழுக்கச் சிகரெட் புகை படிந்து பிசுபிசுவென்று இருந்தது. விற்கிறவர் அதில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்து, "எவ்ளோ மெத்துனு இருக்கு பாருங்க" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். தொடாமல் வாங்க முடியாது. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற மாதிரிதான் இதுவும்.

அருவருப்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் அதை நான் யாரிடமும் காட்டியதில்லை. காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது என் வேலை. காதிலிருந்து பிடுங்கிய கருவியை அழுக்கு ஒட்டியபடியே என் உள்ளங்கையில் வைத்து, "சரியா கேக்க மாட்டேங்குது" என்பார்கள். அது வெதுவெதுப்பாக இருக்கும். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என்னைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று முதலாளியே சொல்வார். அவரை வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அண்ணன் விஷயம்தான் வேண்டும், தெரியும். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் வூஃபரை விட்டுவிட்டு அதைச் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் என்று தோன்றிவிடும்.

அண்ணன் நல்லவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். குழாய் ரிப்பேர் வேலை. ஊரார் வீட்டுச் சாக்கடையில் கைவிட்டுத்தான் என் காலேஜ் படிப்பு முடிந்தது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போடுவார். நான் சாப்பிடுவேன். பிறகு போய் வாயைக் கழுவுவேன். நன்றி என்பது வேறு, வயிறு என்பது வேறு.

வேலையை விட்டு அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். சண்டை எதுவும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி தனியாக இருந்து பழகியவன், அவனுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று அண்ணனே சொன்னார். நடுவிலிருந்த கதவைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தோம். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் அவருடைய சாப்பாட்டு மேசை. இந்தப் பக்கம் என் நாற்காலி. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தப் பலகைக்கு வாயும் இருந்தது.

அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று சொல்லவேண்டும். பொய்ப்பல். மென்றால் டக் டக் என்று கழன்று மாட்டும். காப்பியை உறிஞ்சுகிறபோது அது உதட்டிலிருந்து தொண்டைவரை போகிற வழி முழுவதும் எனக்குக் கேட்கும். சாப்பிட்டு முடித்ததும் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு வெறும் ஈறால் எதையோ சப்பிக்கொண்டே இருப்பார். அப்புறம் காறுவார். அந்தக் காறல் ஒரே மூச்சில் முடிந்துவிடாது. கொஞ்சம் மேலே வரும், நிற்கும், திரும்ப உள்ளே போகும். அது உள்ளே போகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் எத்தனையோ. காதில் பஞ்சு வைத்தேன். பஞ்சு வைத்தால் என் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் தொழில் கைகொடுத்தது. காதைப் பற்றி ஒரு விஷயம் உண்டு, சார். தாழ்ந்த சத்தம் பலமாக இருந்தால் தனக்கு மேலே இருக்கிற மெல்லிய சத்தங்களை விழுங்கிவிடும். கீச்சுச் சத்தத்தால் அப்படித் தாழ்ந்ததை விழுங்க முடியாது. ஆகவே சப்புவதையும் உறிஞ்சுவதையும் மறைக்கப் பாட்டு உதவாது. ஒரே சீராக ஓடுகிற, காதில் விழுவதைவிட உடம்பில் அதிகமாக அதிர்கிற ஒரு உறுமல் வேண்டும். பழைய வூஃபர் ஒன்று வாங்கிப் பலகையோடு ஒட்டி வைத்தேன். அப்படி வைத்தால் பலகையே அதிரும், மறைப்பு பிரமாதமாக இருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அண்ணி வீட்டில் இருக்கிறபோது ஓட்ட மாட்டேன். அவர் தையல் கம்பெனிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவார், இருட்டும் நேரத்தில்தான் வருவார். அவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்ற மரியாதைதான், வேறொன்றும் இல்லை. காலையில் அவர் கிளம்பிய பிறகு போடுவேன். மத்தியானம் கடை மூடுகிற இடைவேளையில் வந்து போடுவேன். சில நாள் கடைக்குப் போகிறபோது அணைக்காமலே போய்விடுவதும் உண்டு. பழகிவிட்டது.

கொஞ்ச காலத்தில் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது. வீட்டுக்குள் ஒன்று உறுமிக்கொண்டே இருக்கிறது என்றார். நெஞ்சுக்குள் யாரோ மெதுவாகக் குத்துகிற மாதிரி இருக்கிறதாம். டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக வருகிறதாம். குழாய் வேலை பார்த்தவர் இல்லையா, புத்தி குழாய்க்குத்தான் போகும். குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது, அதுதான் உறுமுகிறது என்று முடிவு செய்துவிட்டார். ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூடினார். மோட்டாரைக் கழற்றி மாட்டினார். சமையலறையில் ஒரு பக்கம் தரையையே உடைத்துப் பார்த்தார். அண்ணி இருக்கிற நேரத்தில் எந்தச் சத்தமும் வராததால், இவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அண்ணி அழ ஆரம்பித்தார்.

ஒருநாள் அண்ணி என் வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணம், மூடி போட்டது.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு எதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லையே அண்ணி."

"ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. நான் பொய் சொல்றேனாடின்னு என்னைய கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒருதடவ கடைக்குக் கூட்டிட்டு வாங்க. காத டெஸ்ட் பண்ணிரலாம்."

அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. அண்ணன் மேசையிலிருந்து வந்தது, மூடியைத் திறக்காமலே குப்பையில் போட்டுவிட்டேன்.

அண்ணன் கடைக்கு வந்தார். சட்டையை மாற்றி, தலை சீவி, ஏதோ கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். முதலாளியிடம், "இவன் என் தம்பி. தம்பி உள்ளவன் படைக்கு அஞ்சமாட்டான்னு சொல்லுவாங்க" என்று பெருமையாகச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எல்லாச் சத்தங்களையும் போட்டுப் பார்த்தேன். அவர் வயதுக்கு அவ்வளவு நல்ல காதை நான் பார்த்ததே இல்லை. தாழ்ந்த சத்தங்களில் என் காதைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்து, சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வருகிறது என்று சொன்னேன்.

"உள்ளன்னா? காதுக்குள்ளயா?"

"அதுக்கும் உள்ளண்ணா. நரம்பு. வயசானா சில பேருக்கு வரும்."

"அப்ப குழாய் இல்லையாடா?"

"குழாய் இல்லண்ணா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். நான் சொன்னால் நம்புவார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று இருக்கிறதே. நரம்பு டாக்டர் ஒருவரின் விலாசத்தையும் நானே கொடுத்தேன். அந்த டாக்டர் நரம்பு அடங்கவும் தூக்கத்துக்கும் என்று காலை, ராத்திரி இரண்டு வேளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்ட பிறகு அண்ணன் நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். வாய் லேசாகத் திறந்தே இருக்கும். ஒரு ஓரத்தில் எச்சில் இறங்கும். அதைத் துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாது.

அண்ணி வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "தள்ளாடுறாரு தம்பி. மறுபடி ஸ்டூல்ல ஏறி அந்தக் குழாயக் கிழாயத் தொட்டு விழுந்து வச்சார்னா அவ்ளோதான், டாக்டரே சொல்லிட்டாரு. சத்தம் கேட்டா உடனே போய்ப் பாத்துடுங்க. உங்களத்தான் நம்பிப் போறேன்" என்றார். சாவியை ஆணியில் மாட்டினேன். நாற்காலியிலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற ஆணி.

இதற்கிடையில் என் வூஃபர் செத்துப்போனது. ஓய்வில்லாமல் ஓடினால் எதுதான் தாங்கும்? முன்னும் பின்னும் அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கூம்பைச் சுற்றியிருக்கிற ரப்பர் விளிம்பு கிழிந்து, உறுமல் இருமலாகிவிட்டது. சில நாட்கள் எதுவும் இல்லாமல் இருந்தேன். அண்ணன் உடனே தேறிவிட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயும் எனக்குக் கேட்டது. மாத்திரைதான் குணமாக்கியது என்று அண்ணி கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பட்டினி கிடந்தேன்.

அலைந்து திரிந்ததில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று பல் டாக்டர் ஒருவருடையது, மற்றது ஒரு வேன் ஓட்டுநருடையது. ஒரே கம்பெனி, ஒரே அளவுக் கூம்பு, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். டாக்டருடையது துளை வைத்த பெட்டி. ஓட்டுநருடையது துளையில்லாத மூடிய பெட்டி. இரண்டிலும் விரல்களைப் பரப்பிக் கூம்பை மெல்ல அழுத்தினேன், உள்ளே எதுவும் உரசவில்லை. திருகாணிகளின் தலை தேயவில்லை, அப்படியென்றால் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. முகர்ந்து பார்த்தேன், கருகிய வாடை இல்லை. டாக்டர் வீடு பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் துளைக்குள் விரல் விட்டால் ஒரு மஞ்சள் தூள் ஒட்டியது. பல் தூளாக இருக்குமோ என்று நினைத்ததிலிருந்து அந்த விரலை நான் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தவில்லை. ஓட்டுநர் வீட்டில் நாய். பெட்டி முழுக்க நாய்மயிர். துடைத்துக் கொடுத்தார், நக்காத குறை. துளையில்லாததால் உள்ளே சுத்தம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

விற்கிறவர் வீட்டில் வைத்துக் கேட்டு எதையும் தீர்மானிக்கக்கூடாது. அறை மாறினால் சத்தம் மாறிவிடும். என் வீட்டில் வைத்து ஒரு பகல் கேட்டுப் பார்க்க இருவருமே சம்மதித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்றைத் திருப்பிவிட வேண்டும். அன்று கடைக்கு விடுமுறை.

இரண்டையும் பலகையோடு அருகருகே ஒட்டி வைத்து, ஒரு ஸ்விட்சைத் தட்டினால் ஒன்று நின்று மற்றது ஓடுகிற மாதிரி இணைத்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு சத்தம் வைத்தேன். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நல்ல பெட்டி என்று காது ஏமாந்துவிடும். இன்னொன்று, காதுக்கு ஞாபகசக்தி கிடையாது, சார். நாக்குக்கு இருக்கிற அளவுகூடக் கிடையாது. முதல் பெட்டியைக் கேட்டுவிட்டு, எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், கேட்டது எப்படி இருந்தது என்று மறந்துபோயிருக்கும். ஆகவே ஆரம்பித்தால் முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. என் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

எது நல்ல பெட்டி என்றால், எதை ஓட்டும்போது அண்ணன் சாப்பிடுவது என் காதில் விழவில்லையோ அது. அதற்கு அண்ணன் சாப்பிட்டாக வேண்டும். அவர் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்து ஓட்டினேன். அவ்வளவு பெரிய பெட்டிகளைப் பலகை அதுவரை தாங்கியதில்லை. கூரையிலிருந்து தூசி விழுந்தது. ஆனால் அண்ணன் சாப்பிடவில்லை. எழுந்து நடக்கிற சத்தம்தான் கேட்டது. நிறுத்தினேன். அவர் பலகையைத் தட்டினார்.

"தம்பி, வீட்லதான இருக்க? இப்பக்கூடவா உனக்குக் கேக்கல?"

"ஒண்ணும் கேக்கலண்ணா."

"குழாய் நடுங்குதுடா. தொட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன். நரம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல வால்வுல காத்து அடைச்சிருக்கு. அத மூடிட்டா நின்னுரும்."

மேலே என்றால் கூரையை ஒட்டிப் போகிற குழாய். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். எனக்கு அது தெரியும். அவர் காலையில் மாத்திரை போட்டிருந்தார், அதுவும் தெரியும்.

"சீக்கிரம் மூடிட்டு சாப்பிட உக்காருங்கண்ணா" என்றேன்.

பிறகு ஸ்விட்சைப் போட்டேன். அவர் வால்வை மூடினால் சத்தம் நிற்கப்போவதில்லை என்பது நியாயம்தான். ஆனால் நான் குழாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே, சாப்பிடத்தானே சொன்னேன்?

மீதியை ஓட்டுநர் சொல்லியிருப்பார். தன் பெட்டியைக் கேட்டு வந்தவர், நான் கதவைத் திறந்ததும் தரையைப் பார்த்தார். எங்கள் வீட்டுத் தரை என் பக்கம் கொஞ்சம் தாழ்வு. பலகைக்கு அடியிலிருந்து ரத்தம் கசிந்து வந்திருந்தது. இரண்டு பெட்டிகளையும் நான் முன்கூட்டியே தள்ளி வைத்துவிட்டேன், அடுத்தவர் பொருள் இல்லையா. பழைய துணி ஒன்றையும் போட்டிருந்தேன், அது ஊறிப்போயிருந்தது. கெட்டியாகி ஓரத்தில் ஆடை கட்டியிருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர், "என்னங்க இது?" என்று கேட்டார். "அண்ணன் வீட்டுலேர்ந்து வருது" என்றேன். ஆணியிலிருந்த சாவியை அவரேதான் பிடுங்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து, "மனுஷனாய்யா நீ?" என்று கேட்டு, என் வாசலில் துப்பினார். அதை இதுவரை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சற்று முன்னால் சொன்னீர்கள். ஆடியது, சார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அருவருப்பில் ஆடியது. அண்ணன் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

அவர் கூப்பிட்டது கேட்டதா என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? கேட்டது. ஸ்டூல் சாய்ந்ததும் கேட்டது, தலை மேசை விளிம்பில் பட்டதும் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தொண்டையில் ஒரு ஈரமான சத்தம், அந்தக் காறல் மாதிரியே, மேலே வந்து உள்ளே போனது. பிறகு "தம்பி" என்றார். பல் கழன்றிருக்கும், சொல் குழைந்து வந்தது. எழுந்து போனால் காதில் இருந்தது போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதோடு, எனக்கு வேண்டியிருந்த சத்தம் அப்போதுதான் கிடைத்திருந்தது. வாயிலிருந்து வருகிற, மெல்லிய, ஈரமான சத்தம். சோதனைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

டாக்டரின் பெட்டியைப் போட்டேன். "தம்பி" கேட்டது. ஓட்டுநரின் பெட்டிக்கு மாற்றினேன். கேட்டது, ஆனால் குறைவாக. அது உண்மையான குறைவா, அவர் குரல்தான் இறங்கிவிட்டதா என்று சந்தேகம் வந்தது. அவசரப்பட்டு முடிவு செய்பவன் இல்லை நான். திரும்ப டாக்டருடையதைப் போட்டேன். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி, "டேய் சின்னவனே" என்றார். அது பலகைக்கு மிக அருகில் கேட்டது. நகர்ந்து வந்திருப்பார். ஓட்டுநருடையதற்கு மாற்றினேன், விரலால் பலகையைச் சுரண்டுவது மட்டும் கேட்டது. மறுபடியும் மாற்றினேன். அடுத்த சுற்றில் இரண்டுமே ஒன்றுபோல இருந்தன. எதிலும் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டில் எது நல்லது என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, சார். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.